தேங்காய் மட்டை ஏன் மக்கவில்லை: மண் பாக்டீரியா செய்வதும் செய்யாததும்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரச் சமூகத் தோட்டம் ஒன்றில் உரப்பெட்டியைக் கவனித்துவரும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பது இதுதான். அவர் போட்ட காய்கறித் தோலும் பழக்கழிவும் மூன்றே வாரத்தில் அடையாளம் தெரியாமல் போய்விட்டன. ஆனால் எட்டு மாதங்களுக்கு முன் இளநீர்க் கடையிலிருந்து வாங்கிவந்து போட்ட மட்டைகளும், கறிவேப்பிலைக் குச்சிகளும், தூங்குமூஞ்சி மரத்துக் காய்களும் போட்டபடியே கிடக்கின்றன. மண்ணில் இருக்கும் பாக்டீரியா மரத்தையே கரைத்துவிடும் என்கிறார்களே, என் பெட்டியில் மட்டும் ஏன் கரைக்கவில்லை, பாக்டீரியாப் பொடி வாங்கித் தூவினால் வேலை நடக்குமா என்கிறார். கேள்வி பொடியைப் பற்றியதாகத் தோன்றினாலும், கடினமான தாவரப் பொருளைப் பாக்டீரியா உண்மையிலேயே சிதைக்கிறதா, சிதைக்குமானால் அதன் எந்தப் பகுதியை, எந்தச் சூழலில் என்பதுதான் அவர் அறிய விரும்புவது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால் பொடிக்கான விடை தானாகவே வந்துவிடும்.

நான் கோயம்புத்தூரில் வேளாண் நுண்ணுயிரியல் படித்தவன். பின்னர் சிங்கப்பூரில் ஆய்வுக்கூடப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, இப்போது எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழேயுள்ள தோட்டத்தில் மூன்று உரப்பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பெரிய ஆலை அளவில் உரம் தயாரித்த அனுபவம் எனக்கு இல்லை. ஆகவே நான் சொல்லப்போவதைப் பெட்டி அளவுக்கும் பாத்தி அளவுக்கும் மட்டும் பொருத்திக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், தாவரச் சுவரில் உள்ள செல்லுலோஸைச் சிதைப்பதில் மண் பாக்டீரியா மிகவும் தேர்ந்தது. அந்தச் செல்லுலோஸை மூடிக் காக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைப்பதில் பூஞ்சைகளே முதன்மையானவை. பாக்டீரியாவின் பங்கு உண்மையானதுதான் என்றாலும் சிறியது, மெதுவானது. மட்டையில் லிக்னின் மிகுதி. உங்கள் பெட்டியில் குறைவது பாக்டீரியா அன்று. அது செல்லுலோஸை எட்டுவதற்கான வழியும், காற்றும், நைட்ரஜனுமே குறைகின்றன.

செல்லுலோஸிலிருந்து தொடங்குகிறேன். நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்தும், நாம் கட்டும் பருத்தி வேட்டியின் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் சர்க்கரையால் ஆனவை. ஒரு குளுக்கோஸ் அடுத்ததோடு கைகோக்கும் கோணம் மட்டுமே வேறு. மாவுச்சத்தில் அந்தச் சங்கிலி சுருண்டு தளர்ந்து நிற்பதால் நம் எச்சிலில் உள்ள நொதியே அதை வெட்டத் தொடங்கிவிடுகிறது. செல்லுலோஸில் சங்கிலி தட்டையாகவும் நேராகவும் நீள்கிறது. பருத்தியில் ஒரு சங்கிலியில் 10,000 குளுக்கோஸ் வரை இருக்கலாம். இப்படிப்பட்ட சங்கிலிகள் பல, பக்கத்தில் பக்கமாக ஒட்டிப் படிகம்போல் இறுகிவிடுவதால் நடுவே நீர்கூட எளிதில் புகுவதில்லை. அந்தப் பிணைப்பு எவ்வளவு உறுதியானது என்றால், நொதி எதுவுமின்றி வெறும் நீரில் சாதாரண வெப்பநிலையில் விட்டுவைத்தால் அதில் பாதி அறுபடவே சுமார் 50 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று 1990களின் இறுதியில் கணக்கிட்டார்கள். அதே பிணைப்பைப் பாக்டீரியாவின் நொதி ஒரு நொடிக்குள் அறுத்துவிடுகிறது.

பாக்டீரியாவுக்கு வாய் இல்லை. பெரிய மூலக்கூறை விழுங்கவும் முடியாது. ஆகவே அது தன் உடலுக்கு வெளியே நொதிகளை அனுப்பிச் செரித்த பிறகே உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு வகை நொதி சங்கிலியின் நடுவில் கண்ட இடத்தில் வெட்டுகிறது. இன்னொரு வகை, வெட்டுப்பட்ட நுனியைப் பற்றிக்கொண்டு இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றியபடியே நகர்கிறது. அந்த இரட்டையைத் தனித்தனிக் குளுக்கோஸாகப் பிரிப்பது மூன்றாவது வகை. வெளியே செரித்துவைத்த சர்க்கரையை அண்டை அயலார் அள்ளிக்கொண்டு போய்விடும் ஆபத்து எப்போதும் உண்டு. அதனால்தானோ என்னவோ, இதில் தேர்ந்த பாக்டீரியாக்கள் இரையோடு ஒட்டிக்கொண்டே வேலை செய்கின்றன. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹட்சின்சன், கிளேட்டன் ஆகிய இருவரும் 1919இல் விவரித்த சைட்டோபேகா என்ற மண் பாக்டீரியா, செல்லுலோஸ் இழையின்மேல் ஒட்டிச் சறுக்கிக்கொண்டே அதைத் தின்கிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் குளோஸ்ட்ரிடியம் இனங்களில் சில, பல நொதிகளை ஒரே சட்டகத்தில் பூட்டித் தம் உடலின்மேலேயே தாங்கி நிற்கின்றன. செல்லுலோசோம் எனப்படும் இந்த அமைப்பை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குப் பெரிதும் காரணமான ஸ்ட்ரெப்டோமைசிஸ் இன்னொரு வகை. அது பூஞ்சையைப் போல இழையாக வளரும் பாக்டீரியா. ஆகையால் இலையின் திசுவுக்குள் ஓரளவு ஊடுருவவும் அதனால் முடியும்.

நான் படித்த காலத்தில் இந்தக் கதை மேலே சொன்ன மூன்று வகை நொதிகளோடு முடிந்துவிட்டது. 2010இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள், பாக்டீரியாப் புரதம் ஒன்று ஓர் உலோகத்தையும் ஆக்சிஜனையும் பயன்படுத்திப் படிகத்தின் முகத்தையே கீறிப் பிளப்பதைக் காட்டினார்கள்; அந்த உலோகம் செம்பு என்பது அடுத்த ஆண்டு தெளிவானது. முதலில் நண்டு ஓட்டில் உள்ள கைட்டினில் காட்டப்பட்ட இந்தச் செயல், செல்லுலோஸிலும் நடக்கிறது என்பது அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உறுதியானது. மற்ற நொதிகள் நுழைய முடியாத இறுகிய பகுதியில் முதல் கீறலைப் போடுவது இதுதான். முப்பது ஆண்டு காலம் பாடமாக இருந்த ஒன்றில் இத்தனை பெரிய இடைவெளி இருந்ததை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

பாக்டீரியாவின் இந்தத் திறமையை நுண்ணோக்கி இல்லாமலேயே காணலாம். எங்கள் மாணவப் பருவத்தில் ஒரு சோதனைக் குழாயில் சில உப்புகள் மட்டும் கரைத்த நீரை ஊற்றி, வடிதாளில் ஒரு நாடா வெட்டி, பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி நிறுத்தி, ஒரு சிட்டிகை தோட்ட மண்ணைப் போட்டுவைப்போம். ஒரு வாரம், பத்து நாளில் நீரின் மட்டத்தில் நாடா மஞ்சளாகி, வழவழப்பாகி, குழாயை லேசாகத் தட்டினாலே இரண்டாக அறுந்து விழும். அந்தக் குழாயில் உணவென்று இருந்தது செல்லுலோஸாலான அந்தத் தாள் மட்டுமே. மண்ணில் செல்லுலோஸைத் தின்னும் உயிர்கள் இருக்கின்றனவா என்ற ஐயம் அன்றோடு எனக்குத் தீர்ந்தது.

ஆனால் மட்டை தாள் அன்று. மரத்தின் சுவரிலும் நாரின் சுவரிலும் செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற வேறு வகைச் சர்க்கரைச் சங்கிலி பின்னியிருக்கிறது; மிச்ச இடைவெளியையெல்லாம் லிக்னின் அடைத்திருக்கிறது. சிதையாத மரச் சுவரில் உள்ள நுண்துளைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு நானோமீட்டர் அகலமே உள்ளவை. செல்லுலோஸை வெட்டும் நொதியோ சுமார் 5 நானோமீட்டர். உள்ளே உணவு இருந்தும் கருவி நுழைய வாசல் இல்லை. மரங்களில் பொதுவாக எடையில் 20 முதல் 30 விழுக்காடு லிக்னின் என்றால், தேங்காய் நாரில் அது 40 விழுக்காட்டையும் தாண்டும். உங்கள் பெட்டியில் உள்ளவற்றிலேயே மிகவும் பிடிவாதமான பொருள் மட்டைதான்.

லிக்னினின் கடினத்தன்மை செல்லுலோஸின் கடினத்தன்மையிலிருந்து வேறுபட்டது. செல்லுலோஸில் ஒரே பிணைப்பு ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருவதால் அதற்கேற்ற ஒரு நொதி போதும். லிக்னினில் வளைய வடிவ அலகுகள் பல வகைப் பிணைப்புகளால் ஒழுங்கின்றிக் கோக்கப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு பிணைப்புக்காக வடிவமைந்த நொதி அங்கே அதிக தூரம் போக முடியாது. வெண்ணிற அழுகலை உண்டாக்கும் பூஞ்சைகள் இதற்கு வேறு வழி கண்டன. அவை வலிமையான ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிட்டு, அருகில் அகப்படும் பிணைப்புகளைக் கண்டபடி உடைக்கின்றன. பேனரோகீட் என்ற அத்தகைய பூஞ்சையிலிருந்து லிக்னினை உடைக்கும் பெராக்சிடேஸ் நொதி 1983இல் கண்டறியப்பட்டது. நாம் சமைத்து உண்ணும் சிப்பிக்காளானும் இதே வேலையைச் செய்யும் கூட்டத்தைச் சேர்ந்தது. மழைக்குப் பிறகு விழுந்து கிடக்கும் கிளையைப் பிளந்து பார்த்தால், வெளுத்து நார்நாராக, பஞ்சுபோல் இருக்கும் இடமே இந்தப் பூஞ்சை வேலை செய்த இடம்.

அப்படியானால் பாக்டீரியா லிக்னினைத் தொடுவதே இல்லையா? இங்கேதான் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பூஞ்சை உடைத்துப்போட்ட சிறு வளையத் துண்டுகளைச் சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் உண்டு வாழ்கின்றன என்பது உறுதி. அந்தச் செரிமானப் பாதை படிப்படியாக அறியப்பட்டிருக்கிறது. 2011இல் ரோடோகாக்கஸ் இனம் ஒன்றிலேயே லிக்னினைத் தாக்கும் பெராக்சிடேஸ் நொதி காட்டப்பட்டது என்பதும் உறுதி. ஸ்ட்ரெப்டோமைசிஸ் சில, லிக்னினை முழுதும் செரிக்காமல் நீரில் கரையும் துண்டுகளாக விடுவிக்கின்றன என்பதும் நன்றாகப் பதிவானதே. ஆனால் பூஞ்சையே இல்லாத நிலையில், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, சாதாரண மண்ணில் பாக்டீரியா மட்டும் எவ்வளவு லிக்னினைச் சிதைக்கும் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் லிக்னின் பெரும்பாலும் மரத்திலிருந்து வேதிமுறையில் பிரித்தெடுத்தது. அது இயற்கைச் சுவரில் உள்ள லிக்னினைப் போல நடந்துகொள்வதில்லை. ஆகவே ஒரு குடுவையில் பாக்டீரியா லிக்னினைக் கரைத்தது என்ற முடிவை அப்படியே உரப்பெட்டிக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். பூஞ்சை வாழ முடியாத இடத்தில் பாக்டீரியா மரத்தைத் தனியாகவே தின்கிறது. ஆம்ஸ்டர்டாம் நகரின் பழைய கட்டடங்கள் ஈர மண்ணில் இறக்கிய மரத்தூண்களின்மேல் நிற்கின்றன. நிலத்தடி நீருக்குள் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத நிலையிலும் அந்தத் தூண்களை அரிக்கும் பாக்டீரியாக்களை மின்னணு நுண்ணோக்கி காட்டியிருக்கிறது. அவை இழைச்சுவரில் பள்ளம் பறித்தபடி செல்லுலோஸைத் தின்று, லிக்னின் கூட்டைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகின்றன. வேகம் மட்டும் பல பத்தாண்டுக் கணக்கு. எட்டு மாதத்தில் பலன் எதிர்பார்க்கும் தோட்டக்காரருக்கு அந்த வேகம் உதவாது.

ஆக்சிஜனைப் பற்றிச் சிங்கப்பூரில் வாழும் நமக்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. லிக்னினை உடைக்கும் ஆக்சிஜனேற்றத்துக்குக் காற்று வேண்டும். சுமத்ரா, போர்னியோ கரையோரங்களின் சதுப்புக் காடுகளில் நீர் தேங்கிக் காற்றுப் புகாததாலும், அந்த நீர் அமிலத்தன்மை உடையதாலும், விழுந்த மரமும் வேரும் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரிச்சேறாகக் குவிந்தன. வாய்க்கால் வெட்டி நீரை வடித்த இடங்களில் அது உலர்ந்து, தீப்பிடித்தால் வாரக்கணக்கில் நிலத்தடியில் புகைகிறது. 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக் குறியீடு இங்கே 401ஐத் தொட்டபோது நாம் சுவாசித்ததில் ஒரு பங்கு, மக்க முடியாமல்போன அந்தப் பழைய மரங்களின் புகை. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், மூடி சரியில்லாத, அடியில் வடிகால் துளை இல்லாத பெட்டி ஒரு சிறிய சதுப்பாக மாறிவிடும். கிளறும்போது புளித்த வாடையோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் உங்கள் பெட்டியில் அதுவே நடக்கிறது. காய்கறித் தோல் அந்த நிலையிலும் அழுகிக் கரையும், மட்டை கரையாது.

அடுத்த தடை நைட்ரஜன். பாக்டீரியா தன் உடலைக் கட்டச் சுமார் 5 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு நைட்ரஜன் வேண்டும். உண்ட கரிமத்தில் பெரும்பகுதி மூச்சோடு கரியமில வாயுவாகப் போய்விடுவதால், குவியலில் 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு நைட்ரஜன் இருந்தால் வேலை நன்றாக நடக்கும். காய்ந்த இலையில் இந்த விகிதம் 40 முதல் 80 வரை, தென்னை நார்க்கழிவில் 100க்கு அருகில், மரத்தூளில் 200க்கும் மேல். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தச்சுப்பட்டறையிலிருந்து இலவசமாகக் கிடைத்த மரத்தூளைக் கீரைப்பாத்தி மண்ணில் தாராளமாகக் கலந்தேன். மூன்று வாரத்தில் கீரை முழுதும் வெளிறி மஞ்சளாகிவிட்டது. மரத்தூளைச் சிதைக்க முயன்ற நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த நைட்ரஜனையெல்லாம் தமக்கு எடுத்துக்கொண்டன, செடிக்கு மிஞ்சவில்லை. அந்தப் பாத்தி தேற ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆயிற்று. மரப்பொருளை மண்ணின்மேல் மூடாக்காகப் போடுங்கள், மண்ணுக்குள் கலக்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது அதனால்தான்.

இனி உங்கள் மட்டைக்கு வருகிறேன். முதலில், உள்ளே இருக்கும் சிரட்டையையும் மட்டையையும் பிரித்துவிடுங்கள். சிரட்டை உரப்பெட்டிக்கு உரியதே அன்று. மட்டையைக் கையால் கிழிக்கும் அளவுக்கு ஊறவையுங்கள். அந்த நீரில் இறங்கும் பழுப்பு நிறம் நுண்ணுயிர்களின் வேலையை மட்டுப்படுத்தும் டானின் முதலியவை. நான்கைந்து நாளுக்குள் இரண்டு முறை நீரை மாற்றிக் கொட்டிவிடுங்கள். ஊறும் பாத்திரத்தை இறுக மூடிவையுங்கள். வெறும் மட்டையையும் குழிந்த சிரட்டையையும் நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கி பரவும் ஊரில் இது சிறிய விஷயம் அல்ல. ஊறிய மட்டையை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கினால், புறத்தோலின் மெழுகைத் தாண்டி உள்முகம் வெளிப்படும். ஒரு பங்கு துண்டுக்கு மூன்று பங்கு பச்சைக் கழிவாவது சேருங்கள். காப்பிக்கடையில் கேட்டால் காப்பித் தூள் சக்கை கிடைக்கும். அதில் கரிம நைட்ரஜன் விகிதம் 20க்கு அருகில் இருப்பதால் நல்ல துணை. கறிவேப்பிலைக் குச்சிக்கும் தூங்குமூஞ்சிக் காய்க்கும் நசுக்கிப் போடுவது ஒன்றே போதும். அவை மட்டை அளவுக்கு அடம்பிடிப்பதில்லை.

பூஞ்சையைச் சேர்ப்பதே இதில் உண்மையான உதவி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் நார்க்கழிவை மக்கவைக்கப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைப்பது சிப்பிக்காளான் வித்தும் சிறிது யூரியாவும்தான். நைட்ரஜன் குறையை யூரியா நிரப்ப, லிக்னினைக் காளான் பார்த்துக்கொள்கிறது. நாம் இங்கே யூரியாவைத் தேட வேண்டியதில்லை, காப்பிச் சக்கை போதும். வீட்டில் காளான் வளர்க்கும் பை வாங்கியவர்கள் அறுவடைக்குப் பின் எறியும் படுகையைக் கேட்டு வாங்கி, மட்டைத் துண்டுகளுக்கு நடுவே அடுக்கிப் பாருங்கள். என் பெட்டியில் அப்படிச் செய்தபோது மட்டை ஏழெட்டு மாதத்தில் விரலால் நசுக்கும் பதத்துக்கு வந்தது. ஆனால் இது ஒரே பெட்டியில் இரண்டு முறை கண்டது. காளான் போடாத பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எனவே இதை நிரூபணமாகக் கொள்ள வேண்டாம்.

பொடியைப் பற்றி. ஒரு கிராம் தோட்ட மண்ணில் நூறு கோடி அளவுக்குப் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கிறது. பையிலிருந்து தூவப்படும் புதியவை அந்தக் கூட்டத்தோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிட வேண்டும். பெரும்பாலும் சில வாரங்களில் தோற்றுவிடுகின்றன. வைக்கோல் போன்ற பொருள்களில் ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சை கலந்த கலவைகள் வேகத்தைக் கூட்டியதாகச் சில சோதனைகளும், வேறுபாடே இல்லை என்று சில சோதனைகளும் சொல்கின்றன. ட்ரைக்கோடெர்மா எளிய பூஞ்சை அன்று. இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணிகளை அழுகச் செய்த இனத்தின் வழித்தோன்றல்களே இன்று தொழிற்சாலைகளுக்குச் செல்லுலோஸ் நொதியைத் தருகின்றன. ஆனால் அதன் வலிமை செல்லுலோஸில்தான், லிக்னினில் அன்று. மரத்தைக் கரைக்கும் என்று உறையில் அச்சிட்டுவிட்டு, எந்த உயிர், எத்தனை, எந்தத் தேதி வரை உயிரோடிருக்கும் என்று சொல்லாத பொடிக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் பழைய உரத்திலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்துப் புதுக் குவியலில் கலந்தால், அந்தச் சூழலுக்கு ஏற்கெனவே பழகிய கூட்டம் அப்படியே வந்து சேரும். பூங்காவிலிருந்தோ இயற்கை வனப்பகுதியிலிருந்தோ இலைமக்கை அள்ளிவர வேண்டாம். அது அனுமதிக்கப்பட்டதல்ல, தேவையும் இல்லை.

எல்லா மட்டையையும் மக்கவைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இந்த ஊரில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் மட்டைத் துண்டுகளைத் தொட்டியில் இடுவது, அது எளிதில் மக்காது என்பதற்காகவேதான். உங்களிடம் குவிந்திருப்பதில் நல்ல பாதியை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

மிச்சத்தைப் பெட்டியில் வைக்கும்போது ஒரு சிறு சோதனை செய்யுங்கள். சாயம் போடாத பழைய பருத்தித் துணி ஒரு துண்டும், மட்டைத் துண்டு ஒன்றும் எடுத்து, இரண்டையும் நூல் கட்டி அடையாளமிட்டு, அருகருகே விரல் ஆழத்துக்குக் கீழே புதையுங்கள். நூல் பருத்தியாக இருந்தால் அதுவும் மக்கிவிடும். நைலான் நூலாக இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து இழுத்துப் பாருங்கள். துணி கிழிந்து பொத்தலாகியிருந்தால் உங்கள் பாக்டீரியாக்கள் நலமாக இருக்கின்றன. மட்டையைப் பிளந்து பாருங்கள். உள்ளே மெல்லிய வெண்ணிற இழைகள் படர்ந்திருந்தால் பூஞ்சையும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியை வாரந்தோறும் கிளறாதீர்கள். கிளறினால் இழைகள் அறுந்து, அது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.